கணினிக்கு நம்மைத் தெரியும், அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது!

2025 ஆகஸ்ட் 31, சுதந்திர தினத்திலிருந்து 18 வயது நிரம்பிய ஒவ்வொரு மலேசியருக்கும் 100 ரிங்கிட் என்று அறிவித்தார் பிரதமர் அன்வார். பாரம் நிரப்ப வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், எந்தத் தலைவரின் சிபாரிசுக் கடிதமும் வேண்டாம். கடை முகப்பில் மைகார்டை நீட்டினால் போதும், அரிசியும் முட்டையும் சமையல் எண்ணெயும் கிடைக்கும் என்றார்கள். முதல் நாளே கூட்டம் தாங்காமல் கணினி திணறியது. பொருளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சனங்கள் நின்றார்கள். அது ஒரு நாள் கோளாறு, சரி செய்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுத வரவில்லை.

கடைக்கே போகாதவர்களைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சுங்கை சோவிலிருந்து செரண்டா, பத்தாங் காலி, கெர்லிங் வரைக்கும், மேற்கே புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் வரைக்கும் நம் சொந்தங்கள் மத்தியில், நீட்டுவதற்கு அட்டையே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு அட்டையோடு கிழவியான பாட்டிகள் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் "குடிமகன் அல்ல" என்று அச்சடிக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். "ஒவ்வொரு மலேசியருக்கும்" என்ற அந்த அறிவிப்பில் இவர்கள் யாரும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி பெட்ரோல் உதவித்தொகையும் மைகார்டுக்குள் போனது. அட்டையும் லைசென்சும் உள்ளவருக்கு லிட்டர் 1.99 ரிங்கிட், இல்லாதவருக்கு 2.60 ரிங்கிட் என்று தொடங்கினார்கள். ஒரே லயத்தில் பிறந்து, ஒரே தோட்டப் பள்ளியில் படித்த அண்ணன் தம்பிக்கு இரண்டு விலை!

அரசாங்கம் கணினிமயமாவதை நான் எதிர்க்கவில்லை. எதிர்ப்பவன் பழைய காலத்தை மறந்தவன். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று நம் அப்பாமார்களைக் கேளுங்கள். கட்சிக் கிளைத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் பாரம் நகரும் என்று எத்தனை வருடம் அவர் வீட்டு வாசலில் நின்றோம்? 2012-இல் பிரிம் பணம் 500 ரிங்கிட்டை மண்டபத்தில் கூட்டம் போட்டு, மேடையில் தலைவர்கள் சிரிக்க, நம் அம்மாக்களைப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். இன்று உதவிப் பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது. யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. இது உண்மையான நன்மை, இதைத் தந்தது கணினிதான்.

ஆனால் அந்தக் கணினிக்குள் யார் பெயரைப் போடுவது என்று முடிவு செய்வது இன்னமும் முகப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்தான். முன்பு கிராணி செக்ரோலில் பெயர் எழுதவில்லை என்றால் அன்றைய சம்பளம் போச்சு. ஆனாலும் கிராணியிடம் சண்டை போடலாம், துரையிடம் போகலாம், தொழிற்சங்கம் வரும். இன்று "சிஸ்டத்தில் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். சிஸ்டத்திடம் யார் போய்ச் சண்டை போடுவது?

ஏன் நம் ஆட்கள் மட்டும் சிஸ்டத்தில் இல்லை? மந்திரமில்லை, சட்டமும் அலட்சியமும்தான் காரணம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவைப்படும்.

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் 14ஆம் விதி, இரண்டாவது அட்டவணை. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடியும் வரை இந்த மண்ணில் பிறந்த ஒருவர், பிறந்த காரணத்தினாலேயே குடிமகன். அப்பா யார், அம்மா எந்த அட்டை வைத்திருந்தார் என்ற கேள்வியே பொதுவாக இல்லை. அதாவது 1960-இல் சுங்கை சோ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பாட்டிக்குக் குடியுரிமை யாரும் போடும் பிச்சை அல்ல. பிறந்த அன்றே சட்டம் கொடுத்துவிட்டது. அவரிடம் இல்லாதது குடியுரிமை அல்ல, பிறந்ததற்கு ஒரு தாள். பிரசவம் பார்த்தது மருத்துவச்சி. பதிய வேண்டியது தோட்ட நிர்வாகமும் பதிவாளரும். அவர்கள் செய்யாத வேலைக்கு அறுபது வருடம் கழித்துப் பாட்டி தண்டனை அனுபவிக்கிறார்.

1962க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று மாறியது. இங்கேதான் சிவப்பு அட்டைப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. 2024 அக்டோபர் 17ஆம் தேதி நாடாளுமன்ற மக்களவை ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு அதில் நியாயம் கிடைத்தது, வரவேற்போம். அதே திருத்தத்தில் "நிரந்தரவாசி" என்ற சொல்லை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிவப்பு அட்டைப் பெற்றோருக்கு இனிப் பிறக்கும் பிள்ளை தானாகவே குடிமகன் ஆகாது என்பது அதன் பொருள். இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு அட்டை வைத்திருப்பது யார்? நம்மவர்கள் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று அந்தத் திருத்தத்துக்குக் கை தூக்கிய இந்திய உறுப்பினர்களுக்குத் தெரியாதா?

அடுத்தது திருமணம். 1982 மார்ச் 1 முதல், திருமணச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ்ப் பதிந்தால்தான் அது திருமணம். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டாலும் பதிவு இல்லை என்றால் பிள்ளை சட்டப்படி தாயின் பிள்ளை மட்டுமே. தாய்க்கு அட்டை இல்லை என்றால், அப்பா நீல அட்டைக்காரராக இருந்தும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இப்படி ஒரு தாலிக்கயிற்றில் மூன்று தலைமுறை மாட்டிக்கொண்ட குடும்பங்களை நான் என் மேசையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இந்தச் சிக்கலுக்குக் கணினி மருந்தாக இருக்கலாம். இருக்க விடவில்லை. இன்னும் சொன்னால், அதை முள்வேலியாகக் கட்டிவிட்டார்கள். பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பாயி என்ற பெயரை ஒரு கிராணி ஒரு மாதிரி எழுதுவார், பள்ளி ஆசிரியர் வேறு மாதிரி, ஆஸ்பத்திரித் தாதி இன்னொரு மாதிரி. அப்பா பெயருக்கு முன்னால் ஒரு தாளில் வெள்ளைக்காரன் பாணிச் சுருக்கம், இன்னொரு தாளில் மலாய்ச் சுருக்கம். மனிதன் பார்த்தால் ஒரே ஆள், கணினி பார்த்தால் மூன்று ஆள். ஊர்ப் பெயரும் அப்படித்தான். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. மேரி தோட்டம், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்னியாக், புக்கிட் தாகார் என்று நாம் சொல்லும் தோட்டங்கள் கைமாறின. அந்த ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடியது உங்களுக்குத் தெரியும். பிறந்த லயம் இடிந்து, வேலை பார்த்த காடு வீடமைப்பாக மாறிய பிறகு, "பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கொண்டு வா" என்றால் பாட்டி எங்கே போவார்? செம்பனை மரத்தையா சாட்சிக்கு அழைத்து வருவார்?

இந்தக் கண்டிப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல் இருந்தால்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். 2025-இல் நடந்த பந்து விளையாட்டுக் கூத்தை நினைத்துப் பாருங்கள். ஏழு வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காகிதம் காட்டி, குடியுரிமை கொடுத்து, தேசியக் குழுவில் இறக்கினார்கள். அந்தக் காகிதங்கள் திருத்தப்பட்டவை என்று கண்டு, செப்டம்பரில் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் ஏழு பேருக்குத் தலா 12 மாதத் தடையும் விதித்தது ஃபிஃபா. அந்தத் தாத்தா பாட்டிகளின் உண்மையான பிறப்புப் பதிவுகள் ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் நெதர்லாந்திலும் இருந்தன. நம் தேசியப் பதிவிலாகாவோ மூலப் பதிவு கிடைக்கவில்லை என்று இரண்டாம் நிலைத் தகவல்களை வைத்துப் பிரதி கொடுத்தது. உள்துறை அமைச்சர் சைஃபுடின் தம் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியதை நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்.

நன்றாகக் கவனியுங்கள். மூலப் பதிவு இல்லாவிட்டாலும் வேறு தகவல்களை வைத்துப் பதிவை எழுப்பலாம். அமைச்சர் நினைத்தால் விலக்கு அளிக்கலாம். இவை இரண்டும் முடியும் என்று அரசாங்கமே செய்து காட்டிவிட்டது. அப்படியென்றால் செரண்டாவில் பிறந்த பாட்டிக்கு ஏன் முடியாது? அவருக்குக் கோல் அடிக்கத் தெரியாது, அதுவா குற்றம்? 2018 ஆகஸ்ட் வாக்கில் அப்போதைய அரசாங்கம் 60 வயதுக்கு மேற்பட்ட 3,407 சிவப்பு அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அறிவித்தது. தேர்தலுக்கு முன் கொடுத்த வாக்குறுதி நூறு நாளில் தீர்ப்போம் என்பது. நூறு நாள் எத்தனை முறை வந்து போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது கணினிக்கு வெளியே நிற்பவர்களின் கதை. உள்ளே இருப்பவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா?

2017 அக்டோபரில் லோயாட் இணையத்தளம் ஒரு செய்தியை வெளியிட்டது. 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரம் கசிந்துவிட்டது. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. நாட்டின் மக்கள் தொகையே அப்போது சுமார் 3 கோடி 20 லட்சம். அதாவது உங்கள் விவரமும் என் விவரமும் அதில் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி. 2022 மே மாதம் 2 கோடியே 25 லட்சம் மலேசியர்களின் பதிவு விலைக்கு வந்தது. அது பதிவிலாகாவிலிருந்து போனதல்ல என்று அப்போதைய உள்துறை அமைச்சர் ஹம்சா மறுத்தார். எங்கிருந்து போனது என்று நமக்கு யார் சொன்னார்கள்? 2023 பிப்ரவரியில் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை வந்தது. மைசெஜாத்ராவில் 'சூப்பர் அட்மின்' என்ற ஒரே கணக்கு, தடுப்பூசி போட்ட 30 லட்சம் பேரின் தகவலைப் பதிவிறக்கியிருக்கிறது. 2024 ஜனவரி 2ஆம் தேதி பாடு தரவுத்தளம் தொடங்கியது. தொடங்கிய வேகத்தில், அட்டை எண் தெரிந்தால் அடுத்தவர் கணக்கின் கடவுச்சொல்லையே மாற்றிவிடலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் காட்டிக் கொடுத்தார். ஓட்டையை அடைத்துவிட்டோம் என்றது அமைச்சு.

அட்டை எண் என்ன பெரிய இரகசியமா? முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு மாநிலம், சிலாங்கூர் என்றால் 10. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியவருக்கே பாதி எண் தெரியும்! இதைப் பூட்டு என்று நம்பித்தான் வீட்டையே கட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கசிவின் விலையைக் கொடுப்பது யார்? புத்ராஜெயாவில் இருப்பவர் அல்ல. மதியம் இரண்டு மணிக்கு ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு ஒரு போன் வரும். சரியான பெயர், சரியான அட்டை எண், சரியான வீட்டு முகவரி. "உங்கள் பெயரில் நீதிமன்ற வாரண்ட் இருக்கிறது" என்பான். இவ்வளவு விவரம் போலீசைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்று பெரியவர் நடுங்கிப்போய் ஈபிஎப் பணத்தை மாற்றிவிடுவார். முப்பது வருடம் பால்மரம் வெட்டிய காசு அரை மணி நேரத்தில் போய்விடும். இவரைப் படிக்காதவர், ஏமாந்தவர் என்று கேலி பேசுகிறார்கள். அவர் விவரத்தைப் பாதுகாக்காமல் விட்டவரைக் கேட்க ஆள் இல்லை.

ஏன் இல்லை என்றால், சட்டமே அப்படி. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 709, மூன்றாவது பிரிவு. இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று அதில் எழுதியிருக்கிறது. மூலைக்கடை முதலாளி உங்கள் விவரத்தைத் தொலைத்தால் குற்றம். அரசாங்கம் தொலைத்தால் இந்தச் சட்டத்தில் குற்றமில்லை. 2024-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், கசிவு நடந்தால் தெரிவிக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குக் கட்டாயம் போட்டார்கள். அரசாங்கத்துக்கான விதிவிலக்கில் கை வைக்கவில்லை. சிலாங்கூரில் 2011 முதல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அது மாநில இலாகாக்களுக்குத்தான். பதிவிலாகா மத்திய அரசுடையது, அந்தச் சட்டம் அதன் வாசலைத் தொடாது. 2010-இல் சிவராசா ராசையா வழக்கில், 5ஆம் விதி சொல்லும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்றது கூட்டரசு நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. அதைத் தூக்கிப் பிடித்து வழக்காட எத்தனை தோட்டக் குடும்பத்திடம் பணம் இருக்கிறது?

இப்போது 2025ஆம் ஆண்டின் தரவுப் பகிர்வுச் சட்டம் வேறு வந்துவிட்டது. ஓர் இலாகா இன்னோர் இலாகாவிடம் உங்கள் விவரத்தைக் கேட்டு வாங்கலாம். நீங்கள் கேட்க அதில் வழி இல்லை. நான் கேட்கிறேன், இந்தச் சட்டத்தை ஏன் நமக்காகத் திருப்பக்கூடாது? பாட்டி படித்த தோட்டப் பள்ளியின் பழைய பதிவேடு கல்வி அமைச்சின் கீழ் வரும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட கிளினிக் சுகாதார அமைச்சுடையது. இரண்டையும் பதிவிலாகா தன் கணினியில் வரவழைத்து, "ஆமாம், இந்தப் பெண் இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவர்" என்று ஒரு பிற்பகலில் முடிவு செய்யலாம். காகிதம் பொறுக்கும் வேலையைப் பாட்டி தலையில் ஏன் கட்ட வேண்டும்? வரி பிடிக்கவும் உதவித்தொகையை வெட்டவும் இலாகாக்கள் பேசிக்கொள்ளுமாம், நம்மை நாம்தான் என்று நிரூபிக்க மட்டும் ஊமையாகிவிடுமாம்!

இன்னொரு பயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுபான்மையினரின் பட்டியல் அரசாங்கத்தின் கையில் இருப்பது வெறும் நிர்வாக விஷயம் அல்ல. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அப்போது அது வெறும் காகிதம்தான். நம் நாட்டைச் சிங்களத் தீவோடு நான் ஒப்பிடவில்லை, பட்டியல் யாரிடமும் போய்ச் சேரலாம் என்கிறேன். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று பன்னிரண்டு பேரை சொஸ்மாவில் பிடித்தார்கள், அதில் சட்டமன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள். கைத்தொலைபேசியிலும் பேஸ்புக்கிலும் இருந்த படங்களெல்லாம் ஆதாரமாகப் பேசப்பட்டன. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்கைக் கைவிட்டார், படம் வைத்திருப்பது குற்றமாகாது என்றார். அதுவரை அந்தக் குடும்பங்கள் பட்டதை யார் ஈடு செய்தார்கள்? 2025 ஜூனில் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் அழைப்புப் பதிவுகளை அரசு கேட்கிறது என்று செய்தி வந்தது. பெயர் நீக்கிய புள்ளிவிவரம்தான் என்றார்கள். இருக்கட்டும். ஐந்து தலைவர்கள் 2007 டிசம்பரில் இசாவில் போனதைப் பார்த்த சமூகம், "நம்புங்கள்" என்ற சொல்லுக்கு எழுத்தில் உத்தரவாதம் கேட்பதில் தப்பில்லை.

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. எஸ்தோனியா என்று ஒரு சின்ன நாடு. அங்கே குடிமகன் தன் தகவலை எந்த இலாகா எப்போது எடுத்துப் பார்த்தது என்று தானே இணையத்தில் பார்க்கலாம். அங்கேயும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ரஷ்ய மொழிச் சிறுபான்மையினர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மின்னியல் அடையாள அட்டை உண்டு. அட்டை வேறு, குடியுரிமை வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 2017-இல் அவர்கள் அட்டைச் சில்லில் ஓட்டை இருப்பது தெரிந்தபோது ஊருக்கே சொல்லிவிட்டு, லட்சக்கணக்கான அட்டைகளின் சான்றிதழை நிறுத்திப் புதுப்பித்தார்கள். மறைக்கவில்லை. இந்தியாவின் கதை வேறு. 2017-இல் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகாவில் ஆதார் இணைக்காததால் ரேஷன் அட்டை ரத்தான குடும்பத்தில் ஒரு 11 வயதுச் சிறுமி இறந்தாள். பசி என்றார் தாய், நோய் என்றது அரசு. எந்த வழியில் போவது என்பதை உள்துறை அமைச்சு முடிவு செய்யட்டும், நாமும் கேட்டு வைப்போம்.

709ஆம் சட்டத்தின் மூன்றாம் பிரிவு விதிவிலக்கு போக வேண்டும். உணவு உதவி மைகார்டு உள்ளவருக்கு மட்டும் என்பது மாறி, சிவப்பு அட்டைக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் வழி வேண்டும். சில்லு பழுதானால் கடையிலேயே மாற்று வழி வேண்டும். 1962க்கு முன் பிறந்தவர்களின் விண்ணப்பங்களை மூலப் பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பும் பழக்கம் உடனே நிற்க வேண்டும். நம் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள், கோயில் கூரைக்கு மானியம் அப்புறம்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், தாண்டினால் தாமதப் பதிவு என்ற பெரிய வலையில் விழுவீர்கள். தாலி கட்டியவர்கள் இன்னும் பதியவில்லை என்றால் அடுத்த பிள்ளைக்கு முன்பாவது பதியுங்கள். தோட்டத்துக் கிளினிக் அட்டை, பள்ளி விடுகைச் சான்றிதழ், பழைய ஈபிஎப் தாள் எதையும் தீபாவளிக்கு வீடு கூட்டும்போது வீசாதீர்கள். வங்கி அட்டையை நூறு வெள்ளிக்கு இரவல் கேட்கும் 'நண்பனுக்கு' உங்கள் மகன் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வழக்கு மகன் பெயரில்தான் வரும். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 997க்குப் போன் செய்யுங்கள், மறுநாள் வரை காத்திருந்தால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். முகப்பில் "சிஸ்டத்தில் இல்லை" என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். தேதி, காரணம், அதிகாரியின் முத்திரையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நீங்களே ஒரு தாளில் நாள், நேரம், முகப்பு எண், சொன்ன வார்த்தையை எழுதி வைத்துக்கொண்டு அந்தத் தாளோடு எங்களிடம் வாருங்கள்.